நோன்பும் உடலின் உரிமையும்

எல்லாப் புகழும் அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நமது நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சங்கைமிக்க ரமலான் மாதம் வந்துவிட்டால் நமது முஹல்லாக்களில் இரண்டு விதமான மனிதர்களைப் பார்க்கிறோம். ஒருவர் திடகாத்திரமான வாலிபர். நேற்றுத் தலைவலி, இன்று அசதி என்று சொல்லி நோன்பை விட்டுவிடுகிறார். மற்றவர் எழுபது வயதை நெருங்கிய பெரியவர். சர்க்கரை வியாதிக்காகத் தினம் இரண்டு வேளை ஊசி போட்டுக் கொள்பவர். நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவரோ, “மவுத்தானாலும் சரி, நோன்பை விட மாட்டேன்” என்கிறார். முன்னவரைப் பார்த்து ஊரார் முகம் சுளிக்கிறார்கள். பின்னவரைப் பார்த்து, “எப்பேர்ப்பட்ட ஈமான்!” என்று வியக்கிறார்கள்.

ஆனால் ஷரீஅத்தின் தராசில் நிறுத்துப் பார்த்தால் இருவரும் வரம்பு மீறியவர்களே. முன்னவர் அல்லாஹ்வின் கட்டளையை அலட்சியப்படுத்தினார். பின்னவர் அதே அல்லாஹ் அளித்த சலுகையைத் தட்டிக் கழித்தார். கட்டளையிட்டவனும் சலுகை தந்தவனும் ஒருவனே என்பதை இருவரும் மறந்துவிட்டனர். இதைப் பற்றி நம் வீடுகளில் தெளிவு ஏற்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோன்பின் நோக்கம் எது?

திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமான அல்பகராவின் 183ஆம் வசனத்தில் நோன்பு நம்மீது கடமையாக்கப்பட்டதை அல்லாஹ் அறிவிக்கிறான். நாம் தக்வா உடையவர்களாக ஆக வேண்டும் என்பதே அதன் காரணம் என்று அதே வசனத்தில் சொல்லிவிடுகிறான். இறையச்சமே நோன்பின் நோக்கம். உடல் மெலிவதோ, வயிறு சுத்தமாவதோ, கொழுப்புக் குறைவதோ நோக்கமாகச் சொல்லப்படவில்லை.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோன்பு வையுங்கள், ஆரோக்கியம் பெறுவீர்கள் என்ற கருத்துடைய ஒரு சொல் மேடைகளில் நபிமொழியாக எடுத்துச் சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் குறிப்பிட்டுள்ளனர். ஆரோக்கியமானவர் முறையாக நோன்பு வைத்து, முறையாக உண்டால் உடலுக்கு நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி, “நோன்பு வைத்தால் சர்க்கரை தானாகவே குறைந்துவிடும், மாத்திரையே வேண்டாம்” என்று மருந்தை நிறுத்திவிடுவோர் இருக்கின்றனர். நோன்பு ஓர் இபாதத். அதை மருந்துச் சீட்டாக்கிவிடக் கூடாது. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று அண்ணலார் தனியாகவே கட்டளையிட்டிருக்கிறார்கள்.

உடலுக்கும் ஹக் உண்டு

நமது உடல் நமக்குச் சொந்தமானதன்று. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இந்த உண்மையை ஸஹாபாக்களின் வாழ்க்கையிலிருந்து இரண்டு சம்பவங்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

மதீனாவில் ஸல்மான் (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரின் இல்லத்திற்குச் சென்றார்கள். வீட்டு அம்மணியார் தம் தோற்றத்தைப் பற்றிய கவனமே இன்றி இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு இவ்வுலக விஷயங்களில் நாட்டமே இல்லை என்ற பதில் கிடைத்தது. அபுத்தர்தா (ரலி) வந்தார்கள். விருந்தாளிக்கு உணவு வைத்துவிட்டு, தாம் நோன்பாளி என்றார்கள். அது நஃபிலான நோன்பு. நீங்கள் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன் என்று ஸல்மான் (ரலி) பிடிவாதமாகச் சொல்லவே, அவர்களும் உண்டார்கள். இரவில் தொழுகைக்கு எழுந்தபோதும் ஸல்மான் (ரலி) தடுத்து உறங்கச் செய்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். பிறகு ஸல்மான் (ரலி), இறைவனுக்கும், உமது ஆத்மாவுக்கும், உமது குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று அறிவுரை கூறினார்கள். இந்தச் செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் எட்டியபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று உறுதிப்படுத்தினார்கள். (புகாரீ)

இரண்டாவது சம்பவம் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுடையது. வாலிப வயதில் அவர்கள் தினந்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார்கள். இதை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமைகள் உண்டு என்று எடுத்துச் சொல்லி, மாதத்திற்கு மூன்று நோன்பு போதும் என்றார்கள். அதைவிட அதிகம் செய்ய எனக்குச் சக்தி உண்டு என்று அவர்கள் மேலும் மேலும் கேட்கவே, முடிவாக ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூது (அலை) அவர்களின் நோன்பு அனுமதிக்கப்பட்டது. காலம் சென்றது. முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று அண்ணலார் தந்த சலுகையை ஏற்றுக் கொண்டிருக்கலாமே என்று அவர்கள் ஏங்கினார்கள். (புகாரீ)

சிந்தித்துப் பாருங்கள்! வாலிபத்தின் வலிமையை வைத்து வாழ்நாள் முழுவதற்கும் கணக்குப் போடக் கூடாது என்பதை அந்த ஏக்கம் எவ்வளவு அழகாக உணர்த்துகிறது!

சலுகை அல்லாஹ்வின் கொடை

மேலே கண்டவை நஃபிலான நோன்பு பற்றியவை. ஃபர்ளான ரமலான் நோன்புக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். அல்பகராவின் 184, 185ஆம் வசனங்களைப் பாருங்கள். நோயாளிகளும் பிரயாணிகளும் வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளலாம் என்று அல்லாஹ்வே அனுமதிக்கிறான். அவன் நமக்கு இலகுவையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்றும் காரணம் சொல்கிறான். ரமலான் நோன்பைப் பற்றிய வசனத்திலேயே இந்தச் சலுகையும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமலானில் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை நோக்கிப் படையுடன் புறப்பட்டார்கள். எல்லோரும் நோன்பாளிகள். குராவுல் ஃகமீம் என்ற இடத்தை அடைந்தபோது, மக்களுக்கு நோன்பு சிரமமாகிவிட்டது என்று தெரிவிக்கப்பட்டது. அஸருக்குப் பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வரவழைத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து அருந்தினார்கள். அதன் பிறகும் சிலர் நோன்பிலேயே இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டபோது, அவர்கள் மாறு செய்பவர்கள் என்று இருமுறை கூறினார்கள். (முஸ்லிம்)

அஸருக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். மஃரிபுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ‘இவ்வளவு நேரம் பொறுத்தோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்று நாம் நினைப்போம். அண்ணலார் அப்படி நினைக்கவில்லை.

மற்றொரு பிரயாணத்தில், கடும் வெயிலில், நோன்பாளிகள் களைத்து வீழ்ந்தார்கள். நோன்பு வைக்காதவர்கள் எழுந்து கூடாரம் அடித்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இன்றைய நன்மையை நோன்பு வைக்காதவர்கள் தட்டிச் சென்றுவிட்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். (புகாரீ, முஸ்லிம்)

யார் யாருக்குச் சலுகை?

1. தற்காலிக நோயாளி: நோன்பினால் நோய் அதிகமாகும், குணமடையத் தாமதமாகும், அல்லது தாங்க முடியாத வேதனை உண்டாகும் என்ற நிலையில் இருப்பவர் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்ய வேண்டும். லேசான தலைவலி, சளி, சாதாரணப் பல்வலி போன்றவை காரணமாகா. தன் சொந்த அனுபவத்தைக் கொண்டோ, திறமையும் நம்பகமும் உள்ள மருத்துவரின் சொல்லைக் கொண்டோ இதைத் தீர்மானிக்கலாம். நோன்பினால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சினால் நோன்பை விடுவது கட்டாயமாகிவிடும்.

2. குணமடையும் நம்பிக்கை இல்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும்: நோன்புக்குப் பதிலாக ஃபித்யா கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து எனும் அரபு அளவு, ஊரின் பிரதான உணவு தானியம். நம் நாட்டில் அது அரிசி. ஹனஃபி மத்ஹபில் ஸதகத்துல் ஃபித்ரின் அளவு, அதாவது அரை ஸாவு கோதுமை அல்லது அதன் கிரயம்.

3. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும்: தமக்கோ குழந்தைக்கோ கெடுதி வரும் என்று அஞ்சினால் நோன்பை விடலாம். ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் தமக்காக அஞ்சி விட்டால் களா மட்டும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு.

4. மாதவிலக்கு, பிரசவத் தீட்டு உள்ள பெண்கள்: இவர்கள் நோன்பு வைப்பதே கூடாது. பின்னர் களா செய்ய வேண்டும். இவர்களில் பலர் வீட்டு ஆண்களுக்கு வெட்கப்பட்டு, பகல் முழுதும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் வாடுகின்றனர். ஷரீஅத் விலக்கிவிட்ட நாளில் அவர்கள் பட்டினி கிடக்க வேண்டிய தேவை என்ன? வீட்டுப் பெரியவர்கள் இதை அறிந்து, அவர்கள் நிம்மதியாக ஒரு கவளம் உண்ண இடம் தர வேண்டும்.

கோடையில் விட்ட நோன்பை மார்கழி, தை மாதங்களில் களா செய்வது எளிது. பகலும் குறைவு, தாகமும் குறைவு. அடுத்த ரமலான் வரும் வரை தள்ளிப் போடாதீர்கள்.

சர்க்கரை வியாதியும் நோன்பும்

நமது இல்லங்களில் இன்று மிகுந்து காணப்படும் நோய் இதுவே. நம் நாட்டில் நோன்பின் நேரம் சுமார் 13 முதல் 14 மணி நேரம் வரை நீளுகிறது. நாம் உண்ணாத வேளையில் ஈரல் சேமித்து வைத்துள்ள சர்க்கரையை உடல் செலவழிக்கிறது. அது குறையும்போது கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. ஆரோக்கியமானவருக்கு இதனால் கேடில்லை. ஆனால் இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக் கொள்பவரின் உடலில் மருந்து தன் வேலையைச் செய்து கொண்டே இருக்கும். உணவோ உள்ளே செல்லவில்லை. எனவே இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக் கூடும்.

ஆகவே சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். சிலரை அவர் அனுமதிப்பார். மருந்தின் அளவையும் நேரத்தையும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றித் தருவார். சிறுவயதிலேயே தொடங்கும் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர், சிறுநீரகம் பழுதடைந்தவர், சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணி போன்றோர் பெரும் ஆபத்துக்கு உட்பட்டவர்கள். இவர்கள் தாமாக முடிவெடுக்கலாகாது.

நோன்பு வைத்தவர் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக் கொள்ள வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். கருவி இல்லாத வேளையில் அறிகுறிகளைக் கவனியுங்கள்: திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், பேச்சில் குழப்பம். இவை தோன்றினால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ, பேரீச்சம்பழமோ கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ‘பாங்குக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது’ என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் நோன்பையும் இழந்து மனிதரையும் இழந்துவிடும் ஆபத்து உண்டு. முறித்த ஒரு நோன்புக்குக் களா உண்டு. போன உயிருக்குக் களா இல்லை.

உழைப்பும் தேகப்பயிற்சியும்

வலிமையுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து. பெருமானார் (ஸல்) அவர்கள் சரிவிலிருந்து இறங்குபவரைப் போல விறுவிறுப்பாக நடப்பவர்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். பத்ருப் போரும் மக்கா வெற்றியும் ரமலானிலேயே நிகழ்ந்தன. எனவே பகல் முழுதும் படுத்துறங்கி, இரவெல்லாம் உண்டு களிக்கும் மாதமாக இதை ஆக்கிவிடுவது முறையன்று.

ஆரோக்கியமானவர் நோன்பு காலத்திலும் உடற்பயிற்சியை விட வேண்டியதில்லை. அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொண்டால் போதும். மஃரிபுக்கு முன் அரை மணி நேரம் மெதுவாக நடக்கலாம். சற்று நேரத்தில் தண்ணீர் கிடைத்துவிடும். கடினமான பயிற்சிகளை இஃப்தாருக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக் கொள்ளலாம். உச்சி வெயிலில் ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் மட்டும் மாலை வேளைப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். அந்நேரத்தில்தான் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கும்.

தராவீஹ் தொழுகையை மறந்துவிடாதீர்கள். இருபது ரக்அத் தொழுபவர் இருபது ருகூவும் நாற்பது ஸஜ்தாவும் செய்கிறார். தொழுகை இபாதத்தே, எனினும் உடலுக்கு அதில் அசைவும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் அதையே தம் அன்றாடப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும் என்று மருத்துவர்களே கூறுகின்றனர். முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து தொழலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் வந்த ரமலானில் நோன்பு வைத்துக் கொண்டே போட்டிகளில் ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அவர் பல்லாண்டு பயிற்சியால் உரமேறிய உடல் கொண்டவர். அவரை அளவுகோலாக வைத்து நம் வீட்டுப் பிள்ளைகளை அளக்கக் கூடாது.

மூட்டை சுமப்போர், செங்கல் சூளையில் நிற்போர், கட்டட வேலை செய்வோர் நிலை வேறு. கூலி வேலையைக் காரணம் காட்டி இரவிலேயே நோன்பை விட முடிவு செய்துவிடக் கூடாது. நிய்யத்துடன் நோன்பைத் தொடங்க வேண்டும். பகலில் தாங்க முடியாத நிலை வந்துவிட்டால் முறித்துப் பின்னர் களா செய்யலாம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சொல்லியிருக்கின்றனர். முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை: பணியாளர்மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது நபி போதனை. கடின வேலையைக் காலையில் முடித்து, நண்பகலில் அவர்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஸஹரும் இஃப்தாரும்

ஸஹர் உணவில் பரக்கத் உண்டு என்பது நபிவாக்கு. நள்ளிரவில் பிரியாணியை உண்டுவிட்டு, தப்ஸ் ஓசை கேட்டும் எழாமல் உறங்குவது சுன்னத்தையும் இழப்பது, உடலையும் வருத்துவது. கடைசி நேரத்தில் எழுந்து, பருப்பும் காய்கறியும் முட்டையும் தயிரும் சேர்ந்த எளிய உணவு உண்பது நலம். உப்பும் ஊறுகாயும் தாகத்தைப் பெருக்கும்.

பேரீச்சம்பழம், அதுவும் கிடைக்காவிட்டால் தண்ணீர் கொண்டு நோன்பு திறப்பது அண்ணலாரின் வழக்கம். நமது நோன்புக் கஞ்சியோ அருமையான உணவு. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்து வயிற்றுக்கு இதமாகவும், நீர்ச்சத்தாகவும் அமைகிறது. கெடுதி கஞ்சியில் இல்லை. அதன் பக்கத்தில் குவியும் சமோசாவிலும் பஜ்ஜியிலும் சர்க்கரை சர்பத்திலும் இருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த கணக்கை இஃப்தார் விரிப்பில் நினைவு கொள்ளுங்கள். தண்ணீரை ஒரே மூச்சாகக் குடிக்காமல், இஃப்தார் முதல் ஸஹர் வரை சிறிது சிறிதாகக் குடித்து வாருங்கள்.

இங்கு வீட்டுப் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் எழுபவர் அவர், கடைசியில் படுப்பவரும் அவர். தாமும் நோன்பாளியாக அடுப்படியில் நின்று பத்து வகைப் பலகாரம் செய்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவி செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பலகாரத்தைப் பத்திலிருந்து இரண்டாகக் குறைத்தால், ஆண்களின் வயிறும் பிழைக்கும், பெண்களுக்குக் குர்ஆன் ஓதவும் நேரம் கிடைக்கும்.

சில ஐயங்கள்

கேள்வி: இன்சுலின் ஊசி போட்டால் நோன்பு முறியுமா?
பதில்: முறியாது. தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் மருந்து ஊசிகளால் நோன்பு முறியாது, ஊட்டச்சத்தாகச் செலுத்தப்படுபவை இதில் சேரா என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இல் தீர்மானித்துள்ளது. ஆனால் உணவின்றி ஊசி போடுவது ஆபத்து. எனவே நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கேள்வி: சர்க்கரை பார்க்க விரலில் குத்தி இரத்தம் எடுக்கலாமா?
பதில்: எடுக்கலாம். நோன்பு முறியாது.

கேள்வி: நோன்பு வைக்க முடியாதவருக்கு ரமலானின் நன்மை இல்லாமல் போய்விடுமா?
பதில்: ஒருபோதும் இல்லை. குர்ஆன் ஓதலாம், திக்ரு செய்யலாம், ஸதகா கொடுக்கலாம், நோன்பாளியைத் திறக்கச் செய்யலாம். நோயினால் ஒரு வணக்கத்தைச் செய்ய இயலாமற் போனவருக்கு, அவர் நலமாக இருந்தபோது செய்ததன் கூலி எழுதப்படும் என்று நபிமொழி ஆறுதல் கூறுகிறது.

ஆகவே சகோதர சகோதரிகளே! சக்தி உள்ளவர் சாக்குச் சொல்லி நோன்பை விடாதீர்கள். சக்தி இல்லாதவர் ஊராரின் பேச்சுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். நோன்பு வைக்காத ஒருவரைக் கண்டால், “ஏன் வைக்கவில்லை?” என்று நாலு பேர் முன்னிலையில் கேட்காதீர்கள். அவருடைய காரணத்தை அவரைப் படைத்தவன் அறிவான்.

நோன்பு வைக்கும் பாக்கியத்தையும், அதற்கேற்ற உடல் வலிமையையும், இயலாத வேளையில் அவன் தந்த சலுகையை நன்றியுடன் ஏற்கும் பக்குவத்தையும் அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.